ஏலக்காய் மணத்த வெள்ளை அங்கிகள்

வண்டன்மேடு,
ஞாயிறு, பூசை முடிந்த மதியம்.

அன்பு மகள் சிஞ்சுவுக்கு அம்மா கத்தரீனாள் மனம் நிறைந்து எழுதுவது. மாதா தயவில் அப்பாவும் உன் தங்கையும் நானும் நல்லபடியாக இருக்கிறோம், மழைக்குத்தான் சுகமில்லை போலிருக்கிறது, ராத்திரி பகல் பாராமல் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ராஞ்சியில் நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு மணி உனக்காகத் தள்ளுகிறேன். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பயிற்சிக் காலம் முடியும்வரை போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று நீ சொல்லிப் போனபோது நான் அழுதேன், இப்போது அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. போனில் பேசினது காற்றோடு போகிறது, உன் கடிதத்தை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்தடிக்கப் போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோகிறார். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியும், அதனால் சொல்கிறவள் நான், எழுதுகிறவள் ஜெஸ்னா. இந்தத் தடவை அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்வதில் ஒரு வரியையும் விழுங்கக்கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் நிற்கவைத்து வாக்கு வாங்கிவிட்டேன். அப்படியும் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

நீ சாப்பிடுவது போதாது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. சப்பாத்தி இறங்கவில்லை என்றால் பருப்பில் ஊறவைத்துச் சாப்பிடு, வெட்கப்படாதே, கேட்டு வாங்கிச் சாப்பிடு. அங்கே குளிர் வரும்முன் கம்பளிக் காலுறை போட்டுப் பழகிக்கொள். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மருந்தடிக்கும்போது முகத்தில் துணி கட்டச் சொன்னால் மூச்சு முட்டுது என்கிறார், நீ ஒரு வரி எழுதினால் கேட்பார், என் பேச்சுக்கு மதிப்பில்லை. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது, காடு முழுக்க ஆள் சத்தம். என் மணிக்கட்டு மழைக்கு வலிக்கிறது, ஆனாலும் கூடை தூக்க முடிகிறது, அதற்கே நன்றி சொல்கிறேன். நான் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்ட வருடம், என் கூடையைத் தூக்கப் படிப்பை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவள் ஜெஸ்னா. இன்றைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உன் கடிதத்தில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி, சாமியார் எல்லோரையும் கேட்டாராமே, ஜெஸ்னா என்ன தருவதாகச் சொன்னாள் என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். புதுப் பங்குச்சாமியார் சுவக்கீன் கடற்கரை ஊர்க்காரர், மெதுவாகப் பேசுவார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம் நம் வீட்டில் நடந்த அன்று அவரே வந்து பாயில் உட்கார்ந்தார். இந்தத் தோட்டத்தில் ஒரு செடிகூட நமக்குச் சொந்தமில்லை, ஆனாலும் நம் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம், அதே மாதிரிதான் நம்முடைய நேரமும் நமக்கு வாய்த்த திறமையும் நம் கையில் இருக்கிற பொருளும், கொடுத்தவர் ஒருவர், பார்த்துக்கொள்கிறவர்கள் நாம், அதில் கோயிலுக்கும் ஊருக்கும் எதைத் தருவீர்கள் என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்லுங்கள் என்றார். உன் அப்பா சும்மா இருப்பாரா, “அப்ப சாமி, மேல இருக்குற முதலாளி வாரத்துக்கு எத்தன நாள் லீவு தருவாரு?” என்று கேட்டுவிட்டார். சாமியாரே சிரித்துவிட்டார். பிறகு அப்பா கோயில் பாதையில் முளைக்கிற புல்லைத் தான் வெட்டுவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஷீனா, கோழி முதலில் இடுகிற முட்டைகளைத் தருவதாகச் சொன்னாள். உபதேசியார் ஏசுரத்தினம் மட்டும், “நேரம் தாரேன்னு சொல்லிட்டு தோட்டத்து வேலை நேரத்தக் குடுக்காதீங்கப்பா, அது முதலாளி நேரம், நம்முளுது இல்ல” என்று எச்சரித்தார். அடுத்து ஜெஸ்னாவின் முறை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள் எழுந்து, டீ கொதித்துவிட்டதா என்று பார்க்க அடுக்களைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. ஷீனா, “அக்கா பாடியே கோயில நிறைச்சா, தங்கச்சி வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவிய ராஞ்சிக்கு அனுப்பிட்டா போல” என்றாள். கெட்ட மனசில் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நீ போன பிறகு உன் இடத்தில் நின்று பாடச் சொல்லி எத்தனை பேர் இவளைக் கேட்டார்கள், கேட்கக் கேட்க இவள் இன்னும் உள்ளே போனாள். இனி இவள் ஒருத்தரிடமும் முகம் கொடுக்காமலே போய்விடுவாளோ என்பதுதான் எனக்கு இருந்த பயம். அந்த ரோசத்தில் நான், “என் மக பீடத்துத் துணியெல்லாம் துவைப்பா சாமி” என்று சொல்லிவிட்டேன். இவளிடம் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க என்னோடு பேசவில்லை, ஆனால் சனிக்கிழமை ஓடையில் துணியோடு நின்றாள்.

மாதா திருநாளில்தான் நம் பங்கில் பிள்ளைகள் முதல்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மை என்பது உனக்கு மறந்திருக்காது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு விலையில் உடுப்பு எடுத்து, இல்லாதவர்கள் இரவல் வாங்கி நின்ற காலம் போய்விட்டது. இப்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி, பங்குப் பெண்கள் தைத்தது, கோயிலிலேயே இருக்கும். போன வருடம் மடித்து வைத்த அலமாரியைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு திறந்தால், எல்லாம் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி, ஒரே மக்கல் நாற்றம். ஜெஸ்னா தனியாக அத்தனையையும் சோப்பில் ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, துவைத்து எடுத்தாள். புள்ளி போய்விட்டது. வெயிலுக்கு எங்கே போவது? கோயில் வராந்தாவில் கட்டிப் பார்த்தாள், நம் அடுப்புக்கு மேலே கட்டிப் பார்த்தாள், திருநாளுக்கு முந்தின நாள் காலையில் தொட்டால் பிழிந்த மாதிரியே இருக்கிறது. பிள்ளைகள் ஈர அங்கியோடு மலைக்குளிரில் நிற்க முடியுமா, இல்லை கிடைத்த உடுப்பில் நிற்க வேண்டியதுதான், அப்போது யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். இவள் ஒன்றும் சொல்லாமல் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். 

இனி சொல்வது ரத்தினசாமி அண்ணன் எனக்குச் சொன்னது, இவள் வாயிலிருந்து வந்ததில்லை. இவள் காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில், காய் உலர்த்தும் அறைக்குப் பொறுப்பானவர் அவர், சித்தூர்ப் பக்கத்துக்காரர். அன்றைக்கு மதியம் ஒரு உலர்த்து முடிந்து காயை வெளியே எடுத்தார்கள், அடுத்த பச்சைக்காய் கழுவி உள்ளே போகச் சாயங்காலம் ஆகும். நடுவில் அறை சும்மா கிடக்கும், சூடு மட்டும் இருக்கும். காயோடு ஈரத்துணியை வைத்தால் காயின் பச்சை நிறம் வெளுத்துவிடும், அதனால் இந்த நேரத்தை விட்டால் வேறு நேரமில்லை. இவள் மூட்டையோடு அவர் முன்னால் போய் நின்றாளாம். நின்றுகொண்டே இருந்தாளாம். “ஏனம்மிணி, வாயில பொரி வெச்சுட்டிருக்கறயா? கேக்கறதக் கேளு” என்றாராம். கேட்டுவிட்டாள். அவர், “பொடுசுக சாமிகிட்டப் போற துணிங்கற, போட்டுக்கோ. மொதலாளிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கறேன்” என்று கதவைத் திறந்துவிட்டார். அதற்கு மேல் இவள் என்ன செய்திருக்க வேண்டும், துணியை விரித்திருக்க வேண்டும். இவள், “வேண்டாம்ண்ணே, அவர்கிட்டக் கேட்டுட்டு வைக்கலாம்” என்றாளாம். அண்ணன், “எனக்கு அந்த ஆளக் கண்டாலே பயமாக் கெடக்குது, நீயே கேளு” என்று போனைப் போட்டு இவள் கையில் கொடுத்துவிட்டார். தோட்டத்து முதலாளியிடம், சிஞ்சு! உன் அப்பாவே அவரைப் பார்த்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வார்த்தையைத் தேடுவார். இவள், தான் சிலுவைராஜ் மகள் என்று சொல்லிவிட்டு, “புள்ளைங்க துணி ஈரமா இருக்கு, நாளைக்குப் புதுநன்மை, உங்க அறையில காய வச்சுக்கிடலாமா” என்று ஒரே மூச்சில் கேட்டாளாம். “என் காய் வெளுத்துச்சுன்னா?” என்று அவர் கேட்க, “காய் உள்ள வர்றதுக்கு முன்னாடி எடுத்துருவேன், தட்டையும் தொடச்சு வச்சிருவேன்” என்றாள்.  அவர், “அணையப் போற அடுப்புல துணி காயுமா? ரத்தினசாமிய வெறகு போடச் சொல்லுத்தா” என்றாராம். இதைச் சொல்லும்போது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்த மனுசன் வாயில வெறகு போடுன்னு நான் கேட்டதே இல்லீங்” என்றார். இந்த இடத்தில் பேனா நிற்கிறது, எழுதுடி என்கிறேன்.

சாயங்காலம் சருகு மாதிரிக் காய்ந்த துணியைக் கொண்டுவந்தாள். நானும் அவளும் மடித்துக் கோயிலில் வைத்தோம். எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து திருநாளுக்கு வந்த சொந்தக்காரர்கள்தான் முதலில் மூக்கைத் தூக்கினார்கள். “என்ன மதினி, கோயிலுக்குள்ள பாயாசம் காச்சுறீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம்தான் புரிந்தது, கோயில் முழுக்க ஏலக்காய். அங்கி போட்ட பிள்ளைகள் வரிசையாக வர வர மணமும் கூடவே வருகிறது. சாம்பிராணி போட்டார்கள், அதையும் தூக்கி அடித்தது. பிள்ளைகள் கைகூப்புகிற சாக்கில் சட்டைக் கையை மோந்து பார்க்கிறார்கள். நன்மை வாங்குகிற வரைக்கும் ஒன்றும் தின்னக்கூடாதே, ஷீனாவின் மகன் டிஜோ உபதேசியாரிடம் போய், “சட்டைய நக்குனா நோன்பு போயிருமா?” என்று கேட்டிருக்கிறான். அவர், “மோந்துக்கடா, நக்காத” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊரே வாயைப் பொத்திச் சிரிக்கிறது, இவள் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று அழுகிறாள். புதுநன்மையைக் கெடுத்துவிட்டேன்மா, வீட்டுக்குப் போறேன் என்கிறாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

நன்மை கொடுத்து முடித்து சாமியார் பிள்ளைகளைப் பார்த்து நின்றார். நான் கும்பிட்டுக்கொண்டேன், திட்டிவிடக் கூடாதே என்று. அவர் சொன்னார், “எங்க ஊர்க் கோயில்ல நுழைஞ்சா மீன் வாசம் அடிக்கும். இங்க வந்ததுல இருந்து அது இல்லாம எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத்தான் உங்க ஊர்க் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கு. துணியக் காய வச்சது யாரு?”  இவள் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். திருநாள் சாப்பாட்டுக்கு வந்து வாசலுக்கு வெளியே குடை பிடித்து நின்ற ரத்தினசாமி அண்ணன், உள்ளே எட்டிப் பார்த்து, “நம்ம ஜெஸ்னா அம்மிணிதானுங் சாமீ! தூணுக்குப் பொறவால பாருங்!” என்று ஒரு சத்தம் போட்டார். பிள்ளைகள் எல்லோரும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். இவள் ஷாலை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், ஆனால் ஓடவில்லை.

சனிக்கிழமைதோறும் நாம் எப்படித் தேய்த்துக் குளிப்போம், நினைவிருக்கிறதா? காட்டு வாசம் கோயிலுக்கு வரக்கூடாது என்று உன் கையையும் இவள் கையையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்து விட்டவள் நான்தானே. அதையே நினைத்துக்கொண்டு அன்றைக்கு வெகுநேரம் மண்டியிட்டிருந்தேன். உன்னைச் சாமிக்குக் கொடுத்த பிறகு, நம்மிடம் கொடுக்க இனி என்ன இருக்கிறது என்று எனக்குள்ளே ஒரு குறை இருந்தது மகளே, வீட்டில் பாட்டுச் சத்தமும் இல்லையே என்று. இனி அந்தக் குறை இல்லை. கேட்க வாயில்லாத என் பிள்ளை மற்ற பிள்ளைகளுக்காகக் கேட்டாள். அன்றைக்கு எங்கள் உழைப்பும், முதலாளியின் விறகும், அண்ணனின் நல்ல மனசும் எல்லாமே பீடம் வரைக்கும் போய்விட்டன. இதற்கு மேல் என்ன வேண்டும். காயும் வெளுக்கவில்லை, அதையும் சொல்லிவிடு என்கிறாள்.

அங்கி தைத்த துணியில் மிச்சம் இருந்ததில் சின்னப் பை தைத்துக் கொஞ்சம் ஏலக்காய் போட்டு அனுப்புகிறேன், பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொள். அப்பாவுக்கு முகத்துணி பற்றி எழுத மறக்காதே. நீ கால் வைக்கிற இடமெல்லாம் மாதா துணை நிற்கட்டும், உன் குரல் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆறுதலாகட்டும்.

உன்னை நினைத்து நன்றி சொல்லும்
அம்மா கத்தரீனாள்.

அக்கா, இது நான் எழுதுவது. அம்மா கடிதம் முடிந்தது என்று நினைத்து ஆட்டைப் பிடிக்கப் போயிருக்கிறாள். நீ கேட்ட கேள்விக்கு அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அது அவளுக்குத் தெரியாது. நேற்று சாயங்காலம் உபதேசியார் வீட்டில் அன்பியம் நடந்தது. சாமியார் மறுபடியும் எல்லோரையும் கேட்டார். என் முறை வந்தபோது அம்மா அந்த வீட்டு அடுக்களையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். துணியெல்லாம் நான் துவைக்கிறேன் என்றேன். குரல் மெதுவாகத்தான் வந்தது. இது அம்மா சொன்னதா என்று சாமியார் சிரித்துக்கொண்டே கேட்டார். இல்லை சாமி, இது நானே சொல்வது என்றேன்.

கடிதத்தை ஒட்டிவிட்டு அம்மாவிடமும் சொல்கிறேன்.

உன் தங்கை
ஜெஸ்னா.