பூனை ஓடும் திசையில் பலகை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆவணி மூன்றாம் நாள்

அன்பும் மரியாதையும் மிகுந்த காவேரி அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வள்ளி எழுதுவது. இங்கே நானும் அவரும் நலம். நாக்பூரில் நீங்களும், உங்கள் மிளகும் ஜமீனும் நலமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். பூனைகளையும் சேர்த்து விசாரிக்கிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். படித்துக்கொண்டே வாருங்கள், தெரியும்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன் அப்படித்தான் வைத்தீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பூனைகளோடு காஞ்சிபுரம் வந்துவிடுகிறேன் என்றீர்கள். தறி இருக்கிற வீட்டில் பூனை ஆகாது, விட்டுவிட்டு வா என்று உங்கள் தம்பி சொன்னார். வைத்தீர்கள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேச்சில்லை. கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் ஒரு தடவையாவது படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தியைப் படித்தேன். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேரப் போவதாகவும், செப்டம்பர் முதல் தேதி கையெழுத்து என்றும், அங்கே பிராணிகளைச் சேர்ப்பதில்லை என்பதால் பூனைகளை யாருக்கோ கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த நேரம் அவர் மாடி அறையில் மண்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தத் தரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சித்திரையில் பின்கட்டை இடித்தோம். அதிலிருந்த தேக்கு உத்தரங்களை விற்றுவிடுங்கள் என்று தெருவே யோசனை சொன்னது. அவர் விற்கவில்லை. அறுவை மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலகையாக அறுத்துக்கொண்டு வந்தார். மாடி அறைக்கு மரத்தரை போடப் போகிறாராம். காஞ்சிபுரத்தில் யாராவது மரத்தரை போடுவார்களா, நாம் என்ன ஊட்டியிலா இருக்கிறோம் என்று கேட்டேன். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற கால் அக்காவுக்கு, டைல்ஸ் சில்லிப்பு ஆகாது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் பேரையே அவர் எடுத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

பாலிஷ் வேலைக்குத் தாமல் பக்கத்திலிருந்து கலையரசி என்று ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். சென்னையில் மேஜை நாற்காலிப் பட்டறையில் பதினைந்து வருஷம் இருந்தவள். அண்ணி, நான் சுலபத்தில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். இவளை மெச்சுகிறேன். உள்ளே வந்ததும் விலையைப் பேசவில்லை, அளவு எடுக்கவில்லை. யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்காமல், ஒரு அம்மாவும் ரெண்டு பூனையும் என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தறி வீட்டில் பூனையா என்று அவளாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் என்னிடமே திரும்பி, "பட்டு வெச்சிக்கிற வூட்ல பூனை இல்லாம எலியையா வளக்கிறீங்க?" என்றாள். நமக்கு நன்றாக வேண்டும்.

அவருக்குப் பளபளவென்று வார்னிஷ் அடிக்க ஆசை. கலையரசி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று துண்டுப் பலகை எடுத்தாள். ஒன்றில் வார்னிஷ் அடித்தாள். ஒன்றில் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகக் காய்கிற பூச்சு. மூன்றாவதில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தாள். காய்ந்த பிறகு ஒரு பூனையை இதில் ஓடவிட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பூனைக்கு எங்கே போவது? தெருவில் ஒரு கடுவன் பூனை இருக்கிறது, கூப்பிட்டால் வராது. உங்கள் தம்பி என்ன செய்தார் தெரியுமா? சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தார்! முட்டை ஓடுகூட விழாத சைவ வீடு நம் வீடு. மூன்று பைக்குள் சுற்றி எடுத்து வந்தும் நாற்றம் தெருக்கோடி வரை போனது. எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னா வள்ளி, மதம் மாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கடுவன் வந்தது, தின்றது, பலகைக்குப் பலகை தாவியது. அவர் தலைக்குக் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கீறலை எண்ணினார்.

வார்னிஷ் பலகையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. கெட்டிப் பூச்சில் கோடு குறைவு, ஆனால் விழுந்தது விழுந்ததுதான், சரிசெய்ய வேண்டுமென்றால் முழுத் தரையையும் சுரண்ட வேண்டுமாம். எண்ணெய்ப் பலகையிலும் கீறல் இருந்தது. திரும்பி வந்த கலையரசி துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள், போய்விட்டது. "கீறல் வுழாத தரை எந்தக் கடையிலயும் இல்ல சார். வுழுந்தா நாமளே சரி பண்ணிக்கலாம், அதான் இது. பூனை காலை நக்கிக்கினே இருக்கும், அது வயித்துக்குப் போறதைப் பூசக் கூடாது" என்றாள். அதன்படியே முடிவாயிற்று.

பலகையை எந்தப் பக்கமாகப் போடுவது என்று அடுத்த கேள்வி. மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே நகம் பட்டால் கீறல் கண்ணுக்குத் தெரியாதாம், குறுக்கே பட்டால் தெரியுமாம். அவர் உடனே, ஓ, பாவு பக்கம் ஊடை பக்கம் என்று சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு இருவரும் மரத்தை நீளத்தில் பாவு, குறுக்கில் ஊடை என்றே பேசிக்கொண்டார்கள். பூனை எந்தப் பக்கம் ஓடும் என்று கலையரசி கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அவர் சொன்னார்: காலையில் வெயில் வந்ததும் ரெண்டும் ஜன்னலுக்கு ஓடும். பாத்திரச் சத்தம் கேட்டால் ஜன்னலிலிருந்து வாசற்படிக்கு ஓடும். கறுப்பு முன்னால், குண்டு பின்னால்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் போனைக் காட்டினார்.

அண்ணி, நீங்கள் தினமும் காலையில் ஸ்டேட்டஸில் பூனைகளின் படமும் வீடியோவும் போடுகிறீர்கள். பார்த்தவர்களில் என் பேர் முதலில் இருக்கும். வள்ளிக்குத்தான் நம் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பால் வாங்கப் போகிற நேரத்தில் ஐந்து வருஷமாக என் போனை எடுத்துப் பார்த்தது அவர்.

கிழக்கு ஜன்னலிலிருந்து வாசற்படி வரைக்கும் பாவு வருகிற மாதிரி பலகை போட்டார்கள். பிறகு உப்புத்தாள். கரடு, நடுத்தரம், மெல்லிசு என்று பத்து நாள் தேய்த்தாள் கலையரசி. முடிந்தது என்று அவள் சொன்னதும் இவர் கழிவுப் பட்டில் ஒரு புரி எடுத்துத் தரை மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். இழை எங்கே மாட்டியதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார். முதல் நாள் நாற்பது வட்டம். வேறு ஆளாக இருந்தால் உப்புத்தாளை வீசிவிட்டுப் போயிருப்பாள். இவள் அந்தப் பட்டை வாங்கித் தன் விரலில் சுற்றிப் பார்த்து, இது நல்ல யோசனையாய் இருக்கிறதே என்றாள். ஏழு தடவை தேய்த்தாள். ஏழாம் தடவை மூலைக்கு மூலை இழுத்தும் இழை மாட்டவில்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் பூசி மூன்று வாரம் காயவிட்டோம். இப்போது வாசனைகூட இல்லை. படிக்கட்டுத் தலையில் வலைக் கதவும் போட்டாயிற்று, தறிப் பக்கம் பூனை இறங்காது. தேன் நிறத்தில் இருக்கிறது அண்ணி. நேற்று மத்தியானம் நான் அதில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அன்றைக்குப் போனில் பூனை ஆகாது என்று அவர் சொன்னாரே, அதைச் சொல்லச் சொன்னது நான். அக்கா பூனைகளோடு வரட்டும் என்றுதான் அவர் முதலில் சொன்னார். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போது நகம் பட்டால் என்ன ஆகும் என்று நான்தான் இரவும் பகலும் சண்டை போட்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. நீங்கள் படித்தவர், மூத்தவர், நீங்கள் வந்தால் இந்த வீட்டில் என் சொல் எடுபடாது என்று பயந்தேன். வாயில் பூனையைச் சொன்னேன், மனசில் உங்களைத்தான் வேண்டாம் என்றேன். ஐந்து வருஷமாகப் பழியை அவர் சுமக்கிறார். ஒரு நாள், கோபத்தில்கூட, உன்னால்தான் என்று என்னைச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அவர் உங்களைக் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ. அதனால் நான் கூப்பிடுகிறேன். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். மிளகையும் ஜமீனையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். மூவருமாக வந்துவிடுங்கள். வந்த பிறகு நீங்கள் எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, நம் வீட்டிலேயே இருந்துகொண்டு பேசாமல் இருங்கள்.

அம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
வள்ளி