கப்பலுக்குக் காவல் என்று எழுதப்பட்ட என் மகனுக்கு ஒரு துறைமுக ஏஜெண்ட் வேண்டி

அனுப்புநர்:
அலிமா பீவி (வயது 51),
க/பெ. காஜா முகைதீன்,
பள்ளிவாசல் பின் தெரு, ஏரல்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: வெளிநாட்டில் நங்கூரமிட்டு நிற்கும் 'நஜ்மத் ஸாஹில்' என்ற சரக்குக் கப்பலில் 179 நாளாக இறங்க முடியாமல் இருக்கும் என் மகன் அலி அஸ்கர் (26) கரை சேர, அந்தக் கப்பலுக்கு ஒரு துறைமுக ஏஜெண்டை ஏற்பாடு செய்து, காவல் பொறுப்பை அவன் பெயரிலிருந்து மாற்றித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 14.08.2025 வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேற்படி கப்பலின் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பின்வருமாறு: என் மகன் அலி அஸ்கர். அந்த ஊர் நீதிமன்ற ஊழியர் ஒருவர். அந்தத் துறைமுகத்தில் கப்பலுக்கு ஏஜெண்டாக இருந்த கம்பெனியின் ஆள் ஒருவர், சிவப்புத் தொப்பி போட்டவர், பெயர் தெரியாது. கப்பலின் இரண்டாம் என்ஜினியர். சமையல்காரர். ஆறாவதாக நான். நான் ஏரலில் என் வீட்டு அடுப்படியில் இருந்தேன். மகன் என்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கையில் கூப்பிட்டார்கள் என்று, போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆகவே நடந்தது முழுவதையும் நான் காதால் கேட்டேன். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர்கள் இரண்டு பேர்: கேப்டன், இரண்டு நாள் முன்பே நெஞ்சுவலி என்று கரைக்குப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர், அப்படி ஒருவரை யாரும் கூப்பிடவே இல்லை.

2. என் மகன் கப்பலில் மெஸ்மேன். சாப்பாடு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, அறை துடைப்பது அவன் வேலை. கப்பலின் முதலாளி எண்ணெய் கொடுத்தவருக்குப் பாக்கி வைத்ததால் நீதிமன்றம் கப்பலைப் பிடித்து நிறுத்தியது. அப்படி நிறுத்திய கப்பலுக்கு ஓர் ஆள் காவல் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. துறைமுகத்தின் பெயர், வழக்கு எண், அந்தத் தாளின் படம் ஆகியவை இணைப்பு ஒன்றில் உள்ளன.

3. ஏஜெண்டின் ஆள், உங்களில் யாருக்கு அரபி வாசிக்கத் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மகன், தெரியும் என்றான். ஐயா, அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து வயதில் குர்ஆன் ஓத உட்காருவார்கள். அரபி எழுத்தைக் கூட்டி, நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி அழகாக வாசிப்பார்கள். பொருள் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். மற்ற எழுத்து, கணக்கு, கடிதம் எல்லாம் நானாகப் பார்த்துப் பழகியது. தெருப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் நான் ஓதிக்கொடுத்திருக்கிறேன். என் மகனுக்கும் நான்தான் ஓதிக்கொடுத்தேன்.

4. அந்தத் தாளின் மேல் வரி பிஸ்மில்லாஹ். அதை அவன் பள்ளிவாசலில் ஓதுவதுபோல் ராகமாகவே ஓதினான். நீதிமன்ற ஊழியர் மாஷா அல்லாஹ் என்று சொன்னது எனக்குக் கேட்டது. என் வயிறு குளிர்ந்தது, அதை மறைக்கவில்லை. கீழே இருந்ததெல்லாம், குர்ஆனில் உச்சரிப்பைக் காட்டப் போட்டிருக்கும் மேல்குறி கீழ்குறி இல்லாத எழுத்து. தட்டித் தடவி வாசித்தான். வெளிநாட்டுப் பையனின் உச்சரிப்பு என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நடுவில் 'ஹாரிஸ்' என்று ஒரு சொல் வந்தது. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்தான் அது, யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அவன் அதை லேசாக வாசித்தான். நான் சட்டைப் பைக்குள் இருந்தபடியே, "தொண்டையிலேர்ந்து சொல்லு வாப்பா" என்று திருத்தினேன். அவன் தொண்டையிலிருந்து சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தன் பெயருக்கு நேரே அரபி எழுத்திலேயே கையெழுத்துப் போட்டான்.

ஹாரிஸ் என்றால் காவல்காரன். அவன் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் முன்னமே அச்சடிக்கப்பட்டிருந்தன. பொருள் தெரியாமல் போட்டேன் என்று பிறகு அவன் சொன்னபோது, வாய்விட்டு வாசித்து அரபியிலேயே கையெழுத்தும் போட்டவனுக்குப் பொருள் தெரியாதா என்று நீதிமன்றத் தரப்பில் கேட்டிருக்கிறார்கள். நான் நீதிபதியாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

5. 26.08.2025 அன்று ஏஜெண்ட் கம்பெனி தன் சம்பளம் வரவில்லை என்று ஒரே வரியில் கடிதம் எழுதிவிட்டு விலகிக்கொண்டது. மற்றவர்கள் தங்கள் தங்கள் நாட்டு ஆட்களைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். 03.10.2025 அன்று சமையல்காரரும் போனார். போகும்போது மீதி அரிசியைக் காட்டி, அழுதுவிட்டுப் போனாராம். என் மகனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏணி வரை வந்தான். நீ காவல், உனக்குப் பதில் இன்னொரு பெயர் எழுதப்படும்வரை இறங்கக் கூடாது என்று துறைமுக அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவ்வளவு பெரிய கப்பலில் அவன் ஒருவன்.

6. தூத்துக்குடியில் அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய அலுவலகத்துக்குப் பதினோரு தடவை போனேன். அங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜெசி என்ற பெண் கடைசித் தடவை சொன்னது: "அரபி தெரியும்னு உங்க மவன்தான சொல்லிருக்கான். எங்களக் கேட்டா போட்டான்? இனிம நீங்க வந்து ஒரு புரயோசனமும் இல்லக்கா." அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அதைச் சொன்னது. வேறோர் அரசு அலுவலகத்தில் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும், கையெழுத்து மகனுடையது என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஒப்புக்கொண்டு பதில் எழுதினேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

7. எங்கே தவறு நடந்தது, யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு தாளும் எழுதக் கூடாது என்று நினைத்து, தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டிடம் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவசண்முகம் அண்ணாச்சி அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். அவர் சொன்னது: "ஏஜெண்டுன்னா யாருன்னு நினைச்சிய? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து எறங்குததுக்கு முன்னாலயே, யாருக்குச் சீனி ஆவாது, யாரு எந்தப் பக்கம் தலவச்சுப் படுப்பாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்க பொண்ணு வீட்டுக்காரன். கப்பல் கெளம்புத வரைக்கும் அவன் உக்காரப்படாது." அவர் வீட்டம்மா தனலட்சுமி உள்ளே இருந்து, "அப்பம் உக்காரல, இப்பம் எந்திரிக்கல" என்றார்கள். அன்றுதான் பல நாளுக்குப் பிறகு நான் சிரித்தேன். சிரித்ததற்காக வீட்டுக்கு வந்து அழுதேன்.

8. அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதியதைத் தங்கள் பார்வைக்குச் சுருக்கித் தருகிறேன். கப்பல் வருவதற்கு முன்பே அது எத்தனை அடி தண்ணீருக்குள் இறங்கி நிற்கும், துறையில் எத்தனை அடி ஆழம், கடல் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று ஏஜெண்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டி அழைத்துவரும் பைலட்டுக்கும் இழுவைப் படகுக்கும் அவரே சொல்லிவைக்க வேண்டும். சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் என்று ஒவ்வொரு அதிகாரிக்கும் எந்தத் தாள், எத்தனை பிரதி, எந்த நாள் விடுமுறை என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். நங்கூரம் போட்ட நிமிடம் முதல் எடுத்த நிமிடம் வரை நடந்ததை நடந்த நேரத்தோடு எழுத வேண்டும். குடிதண்ணீர், காய்கறி, குப்பை, ஊருக்குப் போகிறவன், புதிதாக வருகிறவன், பல்வலிக்காரன், செத்துப்போனவன், எல்லாம் ஏஜெண்ட் பொறுப்பு. கப்பலுக்கு அந்த ஊரில் வாய் கிடையாது, ஏஜெண்டுதான் வாய். நான் முப்பது வருடமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். இத்தனையையும் தலையில் வைத்திருக்கிற ஒரு மனிதர் அந்த அறையில் நின்றிருந்தால் என் மகன் வாயைத் திறந்திருக்கவே மாட்டான் என்று எனக்குத் தோன்றியது.

இணைப்பில் உள்ள தாளின் படத்தைக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "ஒரு தாள அவனவன் பாஷையில சொல்லிப் புரியவைக்காம எந்தக் கப்பல்காரன் கையிலயும் குடுக்கப்படாது. கேப்டன் இல்லாத நேரத்துல மெஸ்மேன்கிட்ட கையெழுத்து வாங்கினவன் ஏஜெண்டு வேல பாக்கல தாயி. தன் கம்பெனி பேரு அந்த எடத்துல விழாம தப்பிச்சிருக்கான்" என்றார்.

9. தற்போதைய நிலை. கப்பலில் டீசல் தீர்ந்து விளக்கு இல்லை. கரைக்கும் கப்பலுக்கும் நாலு மைல். ஏஜெண்ட் இல்லாத கப்பலுக்குப் படகு போகாது. மீன்பிடிக்கிறவர்கள் இரக்கப்பட்டு வந்தால்தான் தண்ணீர், அவர்களிடம் கொடுத்துத்தான் போனுக்குச் சார்ஜ். அவன் சொல்லும் கணக்கை நான் இங்கே பதிந்து வருகிறேன். 27.01.2026 அன்று இருபது லிட்டர் கேன் மூன்று, அரிசி ஏறத்தாழ ஆறு கிலோ, வெங்காயம் இல்லை. துருப்பிடித்த தகடு கிழித்து இடது காலில் புண், கணுக்கால் வரை வீங்கியிருப்பதாகச் சொன்னான். புண் நாறுகிறதா என்று கேட்டேன். பேச்சை மாற்றினான். "உம்மா, முன்னூறு அடி நீளத்துக்கு எனக்கு வீடு குடுத்திருக்காவ. பொண்ணு பாருங்க, எடம் காணாதுன்னு ஒருத்தியும் சொல்ல மாட்டா" என்றான். கடைசியாக, "ஏஜெண்டு வாராவளா உம்மா?" என்றான். ஒவ்வொரு தடவையும் கேட்பான். அன்று நான் பதில் சொல்வதற்குள் போன் அணைந்தது. இன்றைக்குப் பதின்மூன்று நாள், அழைப்பு இல்லை.

10. என் கணவர் கடையைத் திறப்பதில்லை. நானும் ஓதிக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பெற்றோர் வந்து கேட்கிறார்கள். பிள்ளைகள் எழுத்துக்கூட்டும் சத்தம் என்னால் கேட்க முடியவில்லை. படைத்தவன் மேல் எனக்குக் குறை கிடையாது. என் மேல்தான்.

11. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

அ. நம் நாட்டுத் தூதரகத்துக்கு எழுதி, அந்தத் துறைமுகத்தில் நல்ல பெயர் உள்ள ஓர் ஏஜெண்டைக் கப்பலுக்கு ஏற்பாடு செய்து, காவல் பொறுப்பை அவர் பெயருக்கு மாற்ற அந்த நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும்.

ஆ. அது முடியும்வரை காத்திராமல், ஒரு டாக்டரை ஒரு படகில் அனுப்பி அவன் காலைப் பார்க்கச் செய்ய வேண்டும். இதுதான் முதலில்.

இ. எந்த ஏஜெண்டும் முன்வராவிட்டால், யாராவது ஒருவர் பெயர் அந்த இடத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதுதான் சட்டமானால், என் பெயரை எழுதிக்கொள்ளட்டும். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, மக்காவுக்கு உம்ரா போக எடுத்தது, இன்னும் நான்கு வருடம் செல்லும். எனக்குச் சமைக்கத் தெரியும், தனியாக இருக்கத் தெரியும், நடந்ததை நேரத்தோடு எழுதத் தெரியும். பெண் என்று தள்ள வேண்டாம். இதை ஆத்திரத்தில் எழுதவில்லை. பொருள் தெரிந்தே எழுதுகிறேன்.

இவற்றில் ஒன்றுமே ஆகாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அவன் மறுபடி கூப்பிட்டால் அதே கேள்வியைத்தான் கேட்பான், அவனிடம் பொய் சொல்ல எனக்கு வராது. எனவே தங்கள் பதிலைச் சீக்கிரம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஏரல்
நாள்: 09.02.2026

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
அலிமா பீவி

இணைப்பு:
1. காவல் பொறுப்புத் தாளின் படம், துறைமுகம் மற்றும் வழக்கு விவரம்
2. ஏஜெண்ட் கம்பெனி விலகிய கடிதம்
3. தண்ணீர், அரிசிக் கணக்கு, 03.10.2025 முதல் 27.01.2026 வரை, நோட்டுப் பக்கம் பதினான்கு