அரை பீட் முன்னதாக

அன்புள்ள பிரவீன் அண்ணனுக்கு,

லிசி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ துபாயில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தினமும் கவலைப்படுகிறாள். ஹோட்டலிலேயே கிட்டார் வாசிக்கிறவனுக்குச் சாப்பாட்டுக்கு என்ன குறை என்கிறார் அப்பா.

இதைக் குளியலறை விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். போனில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவாள். பக்கத்து வீட்டு ஆரிஃப் அண்ணன் லீவு முடிந்து காலையில் துபாய்க்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புவேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணா, நீ இங்கே விட்டுப்போன கிட்டாரை நம் பாடகர் குழு ஜாஸ்லினிடம் கொடுக்கச் சொன்னாயாமே? வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்து எடுத்துப் போவாராம். கிறிஸ்துமஸ் போட்டியில் அவள் வாசிக்கப் போகிறாளாம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத்தான் அனுப்பினாய். சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களோடு, ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே இன்னொன்றைச் சேர்த்தால் எட்டு ஆகும். நாலு பீட்டுக்கு இரண்டிரண்டாகச் சரியாக உட்காரும். கார்டில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் பீட்டில் விழ வேண்டும், சேர்த்த சுரம் இடுக்கில் நழுவிப் போக வேண்டும் என்றாய். நான் வாசித்து அனுப்பியதற்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டாய். அவளுக்கு மட்டும், “சூப்பர்மா, ஜாஸ் மியூசிக்னா இதுதான்” என்று உன் குரலிலேயே அனுப்பினாய். அதை அவள் பாடகர் குழு முழுவதற்கும் போட்டுக் காட்டினாள். நானும் நின்று கேட்டேன். என்னை ‘மா’ போட்டு நீ கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று?

அவளுக்கு விரல் நீளம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காலால் தாளம் போடுவதைப் பார்த்தால்கூட எனக்கு ஜெபம் மறந்துபோகிறது.

போன ஞாயிறு கோயில் வாசலில் அவளே வந்தாள். “உன் விரல்லாம் கரெக்ட்டுதான்டி லிசி. ஆனா அரை பீட் முன்னாடியே உள்ள வந்துடுற, வருகைப் பாட்டு எடுக்கிற மாதிரி” என்றாள். சிரிப்பு வேறு. வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தேன். உண்மைதான். நம் கோயில் பாட்டுகளில் பாதி அப்படித்தானே ஆரம்பிக்கும்? அதே பழக்கத்தில் இதையும் முன்னாலேயே எடுத்திருக்கிறேன். நீ சேர்க்கச் சொன்ன சுரம் இடுக்கில் போகாமல் பீட்டின் மேலேயே வந்து விழுந்திருக்கிறது. அதனால்தான் தப்பாய்க் கேட்டது.

பீட்டிலேயே தொடங்கினேன். எட்டும் அதனதன் இடத்தில் இறங்கின. எனக்கே சிலிர்த்தது. அடுத்த நிமிடம் எரிச்சல் வந்தது. இதை நீ சொல்லியிருக்க வேண்டும் அண்ணா. அவள் சொல்லும்படி விட்டுவிட்டாய்.

அன்றிலிருந்து கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையைச் செருகிச் சத்தமில்லாமல் வாசிக்கிறேன். அடுத்த வருஷம் எனக்கு ப்ளஸ் டூ. “கிட்டார் போறதே நல்லது, அப்பவாவது புத்தகத்தை எடுப்பா” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. ஒரு தடவை வாசலைத் தாண்டிவிட்டால் அது திரும்ப வராது. எனக்கு அதுதான் பயம். நீயும் அப்படித்தானே போனாய், ஆறு மாதத்தில் வருகிறேன் என்று.

ஜாஸ்லின் நன்றாகத்தான் வாசிக்கிறாள். இதை அவளிடம் சொல்லிவிடாதே. கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கொடு. ஆனால் ஞாயிறுக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. அம்மாவிடம் போனை என் பக்கத்தில் வைக்கச் சொல். நான் வாசிக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கிட்டார் யாருக்கு என்பதை என்னிடமே சொல்லு.

மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கிட்டாரைத் துடைத்துவிட்டேன். இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை.

உன் தங்கை,
லிசி