ஓசோன் படத்தின் பின்பக்கம்

ஒரகடம்
5.8.1991

அன்புள்ள பிரவீனா,

நான் நலமாக இல்லை. உன் நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு நீ படப்பைக்கும் நான் இங்கேயும் வந்து பத்து நாள்தான். அதற்குள் என் மானம் போய்விட்டது.

நீ வரைந்து கொடுத்த ஓசோன் படத்தை மாட்டி இன்று ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். ஓட்டை வழியாக வெயில் இறங்கி பூமி சூடாகிறது என்றேன். "ஓட்டை நம்ம ஊருக்கு மேலயா கீது டீச்சர்?" என்று கங்கா என்ற சிறுமி கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். மதிப்பெண் போடக் கல்லூரியிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் இருந்த நம் மீனம்மாள் மேடம் பாடத்தை நிறுத்திவிட்டார். படம் யார் வரைந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். கழற்றித் திருப்பிப் பார்த்து, சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினான்காம் தேதி மறுபடி எடுக்க வேண்டும். அதிலும் தவறினால் பயிற்சி முழுவதும் அடுத்த வருஷம்தான். எது தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. உடனே எழுது.

கோபத்துடன்,
ரஞ்சனி

படப்பை
8.8.1991

அன்பு ரஞ்சனி,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பத்திரிகையில் பாதிதான் படித்தேன், மீதியை நானே வரைந்துவிட்டேன். நேற்று தாம்பரம் நூலகத்தில் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ஓட்டை வேறு, சூடு வேறு. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் வரும். தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. அந்த ஓட்டையும் தென் துருவத்துக்கு மேலே. பூமி சூடாவது, கரியும் எண்ணெயும் எரிப்பதால் சேரும் கரியமில வாயுவால். அது கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கிறது.

இதே தப்பான பாடத்துக்கு நான் இங்கே பள்ளி ஆசிரியரிடம் 'மிக நன்று' வாங்கியிருக்கிறேன். என் பெயரை நீ சொல்லவில்லை என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மேடத்திடம் சொல்லவும் பயமாக இருக்கிறதடி.

உன்,
பிரவீனா

ஒரகடம்
14.8.1991

அடி பிரவீனா,

பிழைத்தேன். போன வாரம் சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்ப எங்கம்மா கொடை புடிக்கத் தேவல்லியா டீச்சர்?" என்றாள் கங்கா. செங்கல் சூளையில் வேலை செய்யும் அம்மாவை ஓட்டைக்குப் பயந்து ஒரு வாரமாகக் குடை பிடிக்க வைத்திருக்கிறாள். வெயிலுக்குப் பிடிக்கட்டும் என்றேன். பூமியைச் சூடாக்கும் வாயுவில் சூளைப் புகையும் சேருமா என்று கேட்டாள். சேரும் என்றேன். மேடம் தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்ச்சி என்று எழுதிவிட்டார். படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நீயும் வாயைத் திறக்காதே.

ரஞ்சனி

படப்பை
19.8.1991

என் ரஞ்சனி,

திறந்துவிட்டேன். காலையில் கல்லூரிக்கு மேடத்திடம் போய் அந்தப் படம் என்னுடையது என்றேன். அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்க மூலையில் என் பெயரும் வரிசை எண்ணும், என் கையெழுத்திலேயே.

"அன்னிக்கே பாத்தேன்மா. நீ வரியான்னு பாத்துகினு இருந்தேன்" என்றார்.

'மிக நன்று' போயிற்று. வெள்ளிக்கிழமை எனக்கும் மறுபாடம். அப்படியும் மனசு லேசாக இருக்கிறது. இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

புதுப் படம் வரைந்துவிட்டேன். அனுப்புகிறேன், ஒரு தப்பு விடாமல் பார். பின்பக்கம் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். இனி மாட்டினால் இரண்டு பேருமாக மாட்டுவோம்.

உன்,
பிரவீனா