சிரில் இறுக்கிய நட்டுகள்

ஏப்ரல் 9, 1983

சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர். நான் ஜாம் காய்ச்சும் பாத்திரத்தில் அதை வேகவைத்திருக்கிறான் என் புருஷன் சிரில். கேட்டால், "ஜெட்டுல அடைப்பு, மியூரியல். உனக்குப் புரியாது, போ" என்கிறான். புரியாதாம்! வண்டியே என் அப்பாவுடையது. அவர் போனதும், ஆம்பளைதான் ஓட்டுவான் என்று அம்மா இவனுக்குக் கொடுத்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சைடுகார்.

ஏப்ரல் 12

இன்று பெட்ரோல் போகும் அந்த ஜெட்டைக் கம்பியால் குடைந்தான். பித்தளைத் துளை பெரிதாகிவிடும், கம்பி விடாதே என்று வண்டியின் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகம் படிப்பது துரைக்குக் கௌரவக் குறைச்சல்.

ஏப்ரல் 14

பழைய வண்டிச் சங்கத் தலைவர் ஹோரஸ் வந்தார். கோட்டு முழுக்க பேட்ஜ். கையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட நான் பார்த்ததில்லை. நான் சுட்டு வைத்திருந்த கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு, "ஞாயித்துக்கிழமை சங்கத்துச் சவாரியில பிரிட்ஜ்நார்த் ஊர் வரைக்கும் ஓடலைன்னா எங்கிட்டத் தந்துடுப்பா. கூடத்துல கண்ணாடிக்குள்ள வெச்சுக்கறேன்" என்றார். சிரில் கைகுலுக்கிவிட்டான்.

அப்பா வண்டி — கண்ணாடிக்குள்ளே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா இவன்?

ஏப்ரல் 15

கார்புரேட்டர் மேஜையில் இருக்கும்போது, உள்ளே காற்றைத் திறந்து மூடும் ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போகிறது. இன்ஜினில் மாட்டி நட்டுகளை இறுக்கியதும் சிக்குகிறது. காற்று கசிகிறதென்று மேலும் இறுக்குகிறான். இன்ஜினோடு ஒட்டும் முகப்பு வளைகிறது, இன்னும் கசிகிறது, ஸ்பேனரில் குழாயைச் செருகி இன்னும் இறுக்குகிறான். கண் இருக்கிறதா இல்லையா?

"ரொம்ப இறுக்கறியோ?" என்றேன்.

"நட்டு எதுக்கு இருக்கு? இறுக்கத்தான்."

ஏப்ரல் 17, ஞாயிறு

பாதி வழியில், மேட்டில், ஸ்லைடு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. வண்டி கத்தோ கத்தென்று கத்தியது. அதை நிறுத்த சிரில் பிளக் வயரைப் பிடுங்கினான். ஷாக் அடித்து அவன் துள்ளியது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சங்கத்தார் நிறுத்திவிட்டு, பிளாஸ்க் டீயோடு சுற்றி நின்றார்கள். கேட்காமல் அடுத்தவன் வண்டியைக் குறை சொல்வது மரியாதை இல்லையாம். என்ன கோளாறு என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சிரிலும் கேட்க மாட்டான். மரியாதையாம், மண்ணாங்கட்டி! வண்டியை ஏற்றிப்போக ஹோரஸ் டிரெய்லருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

இறங்கி, ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டேன். கார்புரேட்டரைக் கழற்றி, சாலையோரப் பாலத்துக் கல்லில், கருவிப் பையிலிருந்த எமரி உப்புத்தாளை விரித்து, வளைந்த முகப்பைத் தேய்த்தேன்.

"மியூரியல், எல்லாரும் பாக்கறாங்க."

"அதுக்குத்தானே நிக்கறாங்க? பாக்கட்டும்."

சமமானதும் மாட்டினேன். நட்டுகளை விரலால் திருகி, ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி. அவ்வளவுதான். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. பிரிட்ஜ்நார்த் வரை நானே ஓட்டினேன். சிரில் சைடுகாரில், முழங்கால் தாடையில் இடிக்க. டிரெய்லர் காலியாகத் திரும்பிப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏப்ரல் 23

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சிரில் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு... வண்டிய நான் எடுத்துக்கட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவனுக்கு சைடுகார்.