மஞ்சள் வயிற்று ஆடு

1964 ஆகஸ்ட் 12, புதன்

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வரையும் மிருகங்களில் உடம்புக்குள் இருக்கும் எலும்பும் குடலும்கூட வெளியே தெரியும். அந்தப் படங்களைப் பார்த்து என் வகுப்புப் பிள்ளைகள் லினோலியம் என்ற தரைவிரிப்புத் துண்டில் ஆளுக்கொரு மிருகம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிடுகிறார்கள். முதலில் மஞ்சள் அச்சு. மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே துண்டால் அந்த மஞ்சளின் மேலேயே கறுப்பு அச்சு. செதுக்கியது திரும்பாது.

இன்று நூர்ஜகான், "எலும்பை மட்டும் செதுக்கச் சொன்னீங்க டீச்சர். வயித்தையே எடுத்துட்டேன்" என்று அழுதாள். "கறுப்பைப் போட்டுப் பாரு" என்றேன்.

தாளை உரித்தால் கறுத்த ஆடு, வயிறு மட்டும் பளீரென்று மஞ்சள். சற்று நேரம் பார்த்தவள், தீக்குச்சியை மையில் தொட்டுப் புள்ளி புள்ளியாக உள்ளே ஒரு குட்டி வைத்தாள். "எங்க வீட்டு ஆடும் சினைதான் டீச்சர்."

வகுப்புச் சுவரில் ஒட்டக் கேட்டேன். "அது நல்லபடியா குட்டி போடட்டும், அப்புறம் தாரேன்" என்று சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

எனக்கும் இப்போது அந்த ஆட்டின் நினைப்புதான்.