கிளம்புகிறவளைக் கேட்காத கேள்வி

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதுவது. பெரியநாயக்கன்பாளையத்தில் நானும் உங்கப்பாவும் சுகம், அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அங்கே நீயும் ஆதிராக் கண்ணும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடுதாசி எதற்கென்று நினைப்பாய், போனில் பேசினால் பக்கத்தில் உங்கப்பா இருக்கிறார், எனக்கும் அழுகை வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் தன் மகள் பிரசவத்துக்கு உங்கள் டல்லாசுக்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சனிக்கிழமைதோறும் சர்ச் ஹாலில் ஷைலா டீச்சர் எங்களைப் போன்ற பொம்பளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார், உன்னிடம் சொல்லவில்லை, ஆதிராவிடம் பேசிக் காட்டி உன்னை அசத்தலாம் என்றிருந்தேன். அஞ்சாங்கிளாசோடு நின்றவள் இப்போது இங்கிலீஷில் கேள்வி கேட்கிறேன் கண்ணு. வாட், வேர், வென் எல்லாம் ஆயிற்று. வேர் ஆர் யூ கோயிங் படித்த அன்றைக்குத்தான் வகுப்பே பாதியில் நின்றுபோயிற்று, பழனாத்தாளைப் பையோடு வாசற்படியில் நிறுத்திவிட்டு இப்போ கேளுங்க என்றார் டீச்சர், ஒருத்தியும் கேட்கச் சம்மதிக்கவில்லை. ஏனுங்க டீச்சர், கெளம்பற ஆளை எங்க போறேன்னு கேட்டா போற காரியம் உருப்படுமுங்களா, வேணும்னா தூரமுங்களான்னு கேக்கறோம், அதுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுங்க என்றாள் தையல்கடை சாஜிதா பேகம். அக்கா, ஏர்போர்ட்ல மொதக் கேள்வியே அதுதானுங்க என்று டீச்சர் சிரித்துவிட்டார். கடைசியில் பழனாத்தாள் பையை இறக்கி வைத்து, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் கேட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது ஆதிரா போனை எடுத்தாள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். வாட் டிட் யூ ஈட் என்றேன், தோசை என்றாள், எனக்கு ஒரே பெருமை. வேர் ஈஸ் யுவர் ஃபாதர் என்றேன், நோட்டில் அடுத்திருந்த கேள்வி அது, மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. அப்பா லிவ்ஸ் இன் அனதர் ஹவுஸ், அம்மிச்சி என்றாள். புரியாமல் போயிருக்கக் கூடாதா, ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் ஆபீஸ் போயிருக்கார், தூங்கறார் என்று ஒரு வருஷமாக மாப்பிள்ளையைப் பற்றி நீ சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்தாயே அம்மணி.

வை என்கிற கேள்வியும் படித்தாயிற்று. அதை உன்னிடம் கேட்க மாட்டேன், நீயாகச் சொல்கிற அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன். உங்கப்பாவிடம் மூச்சு விடவில்லை, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று தெரியப்படுத்து. சொந்தக்காரர் பேச்சுக்குப் பயந்து மறைத்திருந்தால் அதை என்னிடம் விட்டுவிடு, அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. நீ டல்லாசுக்குப் பெட்டியோடு கிளம்பின அன்றைக்கு, தெரியாத ஊரில் யார் துணை, எத்தனை வருஷம் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததுதான் நல்லது என்று நினைத்தேன், பிறகும் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டிக் கேட்காமலே பழகிப்போனேன். கிளம்புகிறவளைத்தான் கேட்கக் கூடாது, வருகிறவளைக் கேட்கலாம். வென் ஆர் யூ கமிங், கண்ணு? லீவுக்கோ, இங்கேயே இருந்துவிடவோ, மேல் ரூமைக் கழுவி வைத்திருக்கிறேன்.

கொள்ளுப்பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஈரக்கரண்டி போடாதே. மாரியாத்தா உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்து நிற்கட்டும். பிள்ளையைத் திட்டிவிடாதே, கேட்டேன், சொன்னாள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
சென்னியம்மாள்